நன்னீர் மீன்களில் இனக்கலப்பு

குளத்திலும் ஏரியிலும் பிடிபடுவனவற்றையெல்லாம் 'மீன்' என்னும் ஒரு சொல்லால் அடக்கிவிடுவது நம் வழக்கம். ஆயினும், மீன் பிடிப்பார்க்கும் விற்பார்க்கும் அச்சொல் போதுவதன்று. கெண்டை வேறு, கெளுத்தி வேறு, விரால் வேறு. வலையும் வேறு, விலையும் வேறு. இவ்வேற்றுமை அறியாதார் சந்தையில் ஏமாறுவர். ஆனால், நன்கு அறிந்தாரும் மயங்கும் மீன் உண்டென்பதைச் சென்ற கோடை விடுமுறையில் யான் நேரிற் கண்டேன்.

என் தாய்மாமன் எங்கள் ஊர்க் கண்மாயின் மீன்பாசிக் குத்தகையை எடுத்திருந்தார். வெளியூர்ப் பண்ணை ஒன்றிலிருந்து கட்லா, ரோகு, மிர்கால் என்னும் மூவகைக் கெண்டைக் குஞ்சுகளை வாங்கி விட்டிருந்தார். கண்மாய் வற்றி வலை இழுத்தபோது, கட்லா என்று விலை கொடுத்து விட்டவற்றுட் பல கட்லாவாக இல்லை. உடல் கட்லாவைப் போலப் பருத்திருந்தது. தலையோ ரோகுவின் தலையைப் போலச் சிறுத்திருந்தது. வாங்க வந்த வியாபாரி அவற்றை ஒருபுறம் ஒதுக்கி, "இது கட்லாவும் இல்லை, ரோகுவும் இல்லை, இதற்கு என்ன விலை போடுவது?" என்றார். மாமன் என்னை நோக்கி, "மாப்பிள்ளை, காலேஜிலே படிக்கிறாயே, இது என்ன மீன் என்று நீதான் சொல்லேன்" என்றார். தமிழ் படிக்கும் எனக்கு விடை தெரியவில்லை, நாணித் தலைகுனிந்தேன். கல்லூரி திறந்தபின், விலங்குநூல் பயிலும் நண்பரை வினாவியும் நூல்நிலையத்திற் கிடைத்தவற்றைப் படித்தும் யான் அறிந்துகொண்டவற்றை ஈண்டுத் தொகுத்துரைக்கப் புகுகின்றேன்.

இனமும் கலப்பும்

தம்முட் கூடி வளமுள்ள சந்ததியைப் பெற்று, பிறவற்றோடு இயல்பாகக் கூடாது வாழும் உயிர்த்தொகுதியே ஓர் இனம் என்பது உயிர்நூலார் பலரும் கொண்ட இலக்கணம். இலக்கணம் என்றாலே புறனடை உண்டன்றோ? நெருங்கிய உறவுடைய இரண்டு இனங்கள் சிலபோது கூடி ஈனுகின்றன. அவ்வாறு பிறப்பதே கலப்பினம் எனப்படும். குதிரைக்கும் கழுதைக்கும் பிறக்கும் கோவேறு கழுதையை யாவரும் அறிவர். அது பெரும்பாலும் மலடு. ஆதலின், அக்கலப்பு ஒரு தலைமுறையோடு நின்றுவிடும். குதிரை குதிரையாகவும் கழுதை கழுதையாகவும் நிலைபெறும்.

மீன்களின் நிலை இதனின் வேறு. முதுகெலும்புடைய உயிர்களுள் இயற்கையில் இனக்கலப்பு மிகுதியாகக் காணப்படுவது மீன்களிடத்தே. அவற்றுள்ளும் கடல்மீன்களைவிட நன்னீர் மீன்களிடத்தே மிகுதி. கார்ல் ஹப்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் 1955-இல் வெளியிட்ட ஆராய்ச்சியுரையில் இதன் காரணங்களை ஆராய்ந்துள்ளார். மீன்களுட் பெரும்பாலானவை முட்டையையும் விந்தையும் நீரிலே விடுகின்றன. கருக்கூடுவது உடலுக்கு வெளியே. வெள்ளம் வந்த ஓரிடத்தில் இரண்டு இனங்கள் ஒரே பொழுதில் முட்டையிடின், ஒன்றன் விந்து மற்றொன்றன் முட்டையை அடைவது எளிது. கடலோ பரந்தது, ஓடையும் குளமும் ஒடுங்கியவை. முட்டையிடத் தக்க இடம் சிறிதாயின் பல இனங்களும் அங்கே நெருங்குகின்றன. ஓர் இனம் பெருகி மற்றோர் இனம் அருகிய இடத்தில், தன் இனத்துணை காணாத மீன் அயலினத்தோடு சேர்ந்துவிடுகின்றது. இவற்றோடு, மீன்களின் கலப்பினங்கள் பல மலடாகாமல் மேலும் ஈனும் ஆற்றலுடையவை. கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மூன்றற்கும் குரோமோசோம் எண்ணிக்கை ஐம்பதே. கட்லாவும் ரோகுவும் கூடிப் பெற்ற கலப்பினம் வளமுடையது. ஆகவே, கலப்பு ஒரு தலைமுறையில் முடியாது. தாய் இனங்களோடு மீண்டும் மீண்டும் கூடிப் பரவும்.

இனங்களைக் காக்கும் வேலிகள்

இத்துணை எளிதிற் கலக்கக்கூடிய மீன்கள் பல்லாயிரம் ஆண்டுகளாகத் தனித்தனி இனங்களாக எங்ஙனம் நின்றன? அவற்றிற்கிடையே இயற்கை சில வேலிகளை இட்டுள்ளது. ஒன்று, இடம்: ஓரினம் மலையோடையில் வாழும், அதன் உறவினம் சமவெளி ஆற்றில் வாழும். இரண்டு, காலம்: ஒன்று முதல் வெள்ளத்தில் முட்டையிடும், மற்றொன்று வெள்ளம் வடியும்போது இடும். மூன்று, காட்சி: பெண்மீன் ஆணின் நிறத்தை நோக்கித் தன் இனத்தைத் தெரிந்துகொள்ளும். நான்கு, மணம்: நீரிற் கரைந்து வரும் நாற்றத்தால் துணையை அறியும். இவை நான்கும் புறவேலிகள். இவற்றைக் கடந்து கலப்புப் பிறந்தாலும் ஐந்தாவதாக அகவேலி ஒன்று உண்டு: ஒவ்வாத மரபணுக்கள் ஓருடலிற் கூடியமையால் அவ்வுடல் நோயுறுவதோ, மலடாவதோ, சந்ததி குன்றுவதோ ஆம்.

புறவேலிகள் கல்லாலும் முள்ளாலும் ஆனவையல்ல. நீரின் தெளிவாலும் தூய்மையாலும் ஆனவை. அவற்றை ஒடிப்பதற்கு மீனைத் தொடவும் வேண்டுவதில்லை. நீரை மாற்றினாற் போதும். இதனை இரண்டு இடங்களின் வரலாற்றால் விளக்குவாம்.

கலங்கிய ஏரி

கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள விக்டோரியா ஏரி ஏறத்தாழ 68,000 சதுர கிலோமீட்டர்ப் பரப்புடையது. தமிழ்நாட்டின் பரப்பிற் பாதிக்கும் மேற்பட்டது. அதில் சிக்லிட் என்னும் குடும்பத்தைச் சேர்ந்த சிறுமீன்கள் ஏறத்தாழ ஐந்நூறு இனங்கள் வாழ்ந்தன. அவற்றுட் பல உருவத்தால் பெரிதும் ஒத்தவை. ஆண்களின் நிறத்தாலேயே வேறுபட்டவை. பண்டமிலியா என்னும் பேரினத்தில் நீலநிற ஆண்களையுடைய ஓரினமும் செந்நிற ஆண்களையுடைய ஓரினமும் உண்டு. நீலம் கரையோரத்து மேல்நீரிலும், சிவப்புச் சற்று ஆழத்திலும் பெரும்பாலும் வாழும். ஆழம் செல்லச் செல்ல நீல ஒளி மங்கிச் செவ்வொளியே எஞ்சுவதால், அவ்விரண்டு இனங்களின் கண்களும் தத்தம் ஒளிக்கு இயைய வேறுபட்டுள்ளன. பெண்மீன் தன் கண்ணுக்கு விளக்கமாகத் தோன்றும் நிறத்தாணையே நாடும். இவற்றைக் கலப்பித்தாற் பிறக்கும் சந்ததி நோயுறுவதுமில்லை, மலடாவதுமில்லை. எனவே, அவற்றின் அகவேலி வலியதன்று. நிறமும் அதனைக் காணும் கண்ணுமே அவற்றிற்குப் பெருங்காவல்.

ஏரியைச் சூழ்ந்த காடுகள் அழிந்து வயல்களாயின, ஊர்கள் பெருகின. வயலின் உரச்சத்தும் ஊரின் கழிவும் நீரிற் கலந்தன. அச்சத்தை உண்டு பாசி பெருகியது, நீர் கலங்கியது. ஓலே சீஹௌசன் என்னும் அறிஞரும் அவருடன் உழைத்தோரும் 1997-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நீர் தெளிந்த பகுதிகளில் பல இனங்கள் ஒளிரும் நிறங்களோடு தனித்து நிற்பதையும், கலங்கிய பகுதிகளில் நிறம் மங்கி இனங்களின் எண்ணிக்கை குறைந்திருப்பதையும் எடுத்துக்காட்டினர். தொட்டியில் வைத்தும் சோதித்தனர். வெள்ளொளியிற் பெண்மீன்கள் தத்தம் இனத்தாணையே தேர்ந்தன. நிறவேற்றுமை தோன்றாதவாறு ஒருநிற ஒளியை மட்டும் பாய்ச்சியபோது, நீலம் சிவப்பு என்னும் பாகுபாடின்றி நெருங்கின.

விக்டோரியா ஏரியின் மீன்கள் அழிந்தமைக்கு 1950-களில் அங்கு விடப்பட்ட நைல் பெர்ச் என்னும் பெருமீனையே பலரும் குற்றங்கூறுவர். அது பல இனங்களைத் தின்று தீர்த்தது மெய்யே. ஆயினும், தின்பார் இல்லாமலும் இனங்கள் மறைந்தன. கண்ணெதிரே மீன்கள் நீந்திக்கொண்டிருக்க, இனம் மட்டும் இல்லாதொழிந்தது!

மணமிழந்த ஓடை

இனி, காட்சிவேலியை விட்டு மணவேலியை நோக்குவாம். மெக்சிகோ நாட்டின் கிழக்கு மலைத்தொடரினின்று இறங்கும் ஓடைகளில் வாள்வால் மீன்கள் வாழ்கின்றன. கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பார் வாள்வால் மீனை நன்கறிவர். மலிஞ்சே என்னும் இனம் மலையின் மேற்பகுதியிலும், பிர்ச்மானி என்னும் இனம் அதற்குக் கீழும் உறைவன. இவை மற்றைய மீன்களைப் போல முட்டையை நீரில் விடுவனவல்ல; குட்டி ஈனுவன. ஆதலின், பெண் தானே ஒருப்பட்டாலன்றிக் கலப்பு நிகழ்தல் அரிது. அவள் துணையை அறிவதற்கு நீரில் வரும் மணம் முதன்மையான துணை செய்கின்றது.

அவ்வோடைகள் சிலவற்றில் இவ்விரண்டன் கலப்பினம் திரளாகக் காணப்பட்டது. காரணம் யாதென ஆராய்ந்த அறிஞர் மூவர் 2006-இல் தம் முடிவை வெளியிட்டனர். தூய நீரிற் பிர்ச்மானிப் பெண் தன் இனத்தாணின் மணத்தையே விரும்பியது. ஊர்க்கழிவும் வயற்கழிவும் சேர்ந்த ஓடைநீரிலோ அவ்விருப்பம் மறைந்தது. அழுகிய இலைதழைகளிலிருந்து பிறக்கும் ஹியூமிக அமிலம் தூய நீரில் மிகுதியாகச் சேர்க்கப்பட்டபோதும் அவ்வாறே மறைந்தது. தூய நீருக்கு மாற்றியபின் மீண்டும் தோன்றியது. பெண்ணின் அறிவு கெடவில்லை. அவளிடம் வரும் செய்தியே கெட்டது. நாற்றச் சாக்கடைக்கருகே நின்றவனுக்கு மல்லிகையின் மணம் எங்ஙனம் தெரியும்?

மறைவில் நிகழும் இழப்பு

"கலந்தாற் கேடு என்ன? மீன் மீன்தானே?" என்று வினவுவார் உண்டு. அவர்க்கு அகவேலியே விடை கூறும். வாள்வால் மீனையும் பிளாட்டி என்னும் அதன் உறவினத்தையும் கலப்பித்து, அக்கலப்பினத்தை மீண்டும் வாள்வாலோடு கூட்டினால், சந்ததியிற் சிலவற்றிற்குக் கரும்புள்ளிகள் பரந்து புற்றாக வளர்கின்றன. இதனை மைரன் கார்டன், கர்ட் காஸ்விக் முதலியோர் 1920-களின் பிற்பகுதியிலேயே கண்டனர். பிளாட்டியிடம் அப்புள்ளியை உண்டாக்கும் மரபணுவும் உண்டு; அதனை அடக்கும் மரபணுவும் உண்டு. கலப்பில் முன்னது தங்கிப் பின்னது விலகுமாயின், கடிவாளம் இழந்த குதிரை போல அப்புள்ளி பெருகி உடலைக் கொல்லும்.

அமெரிக்காவின் மான்டானாவில் மற்றொரு சான்று கிடைத்தது. அம்மலையாறுகளிற் பழந்தொட்டு வாழ்வது தாடையின் கீழ்ச் செங்கீற்றுடைய கட்த்ரோட் டிரௌட். தூண்டில் விளையாட்டிற்காக வேற்றிடத்து வானவில் டிரௌட்டை அங்கே கொண்டுவிட்டனர். இரண்டும் கலந்தன. ஓர் ஓடையில் மீன்களின் மரபணுவை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்ட முடிவின்படி, அயல்மரபு 20 விழுக்காடு கலந்த அளவிலேயே மீன் விட்டுச்செல்லும் சந்ததி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆயினும், கலப்பு நின்றதா? இல்லை. கலந்த மீன் ஒவ்வொன்றும் சிறிது ஈனினும், அவை புதிய ஓடைகளை நாடிச் சென்று பரவுகின்றன. கலப்பினத்தின் மகவுகள் யாவும் கலப்பே. பாலிற் சேர்ந்த நீரைப் பிரிக்க அன்னமும் இங்கே இல்லை.

தமிழ் மாணவர்க்கு இவ்விழப்பின் தன்மை எளிதிற் புலப்படும். வாலை, வாளை, வாழை என்பன மூன்று சொற்கள். லகர ளகர ழகரங்களை வேறுபடுத்திக் கூறும் நாவும் கேட்கும் செவியும் உள்ளவரை மூன்றும் வாழும். அவ்வேற்றுமை மழுங்கினால், நெடுங்கணக்கிலிருந்து ஓர் எழுத்தையும் எவரும் நீக்காமலே, வாளை என்னும் மீனும் வாழை என்னும் மரமும் கேட்பவர் செவியில் ஒன்றாகிவிடும். எழுத்தைக் கொன்றவர் எவருமில்லை. ஆயினும் வேற்றுமை மாய்ந்தது. நீர் கலங்கிய ஏரியில் நிகழ்வதும் இதுவே. ஓர் இனம் அழிவதற்கு அதன் மீன்கள் சாகவேண்டும் என்பதில்லை. அதனை வேறென்று காட்டும் வேலி சாய்ந்தாலே போதும்.

கலப்பால் விளைந்த ஆக்கம்

இவ்வளவு கூறியதனால், கலப்பு யாவும் கேடு எனக் கொள்ளற்க. அங்ஙனம் கொள்வது ஒருபாற் கோடுதலாம். அமேசான் மாலி என்னும் சிறுமீன் டெக்சாஸ், மெக்சிகோ நீர்களில் வாழ்கின்றது. இரண்டு மாலியினங்களின் கலப்பாற் பிறந்த அவ்வினத்தில் ஆண் இல்லை, யாவும் பெண்களே. உறவினத்து ஆணின் விந்து முட்டையைத் தூண்டினாற் போதும்; அவ்வாணின் மரபு சேராமல், தாயை அச்சிற் பதித்தாற் போன்ற பெண்குட்டிகள் பிறக்கும். 1932-இல் இதனை உலகிற்கு அறிவித்தவர்கள், மேலே கூறிய கார்ல் ஹப்ஸும் அவர் மனைவியாருமே.

இதனினும் வியப்புடையது விக்டோரியா ஏரியின் பழைய வரலாறு. 2017-இல் வெளியான மரபணு ஆராய்ச்சி ஒன்று, அவ்வட்டாரத்து ஏரிகளின் சிக்லிட் இனங்கள் எழுநூறும், ஏறத்தாழ 1,50,000 ஆண்டுகட்கு முன் இரண்டு வேறு ஆற்றுமீன் மரபுகள் கலந்த கலப்பினின்று தோன்றியவை எனக் காட்டியது. செவ்வொளியைக் காணும் கண்ணின் மரபணுவில் இன்று காணப்படும் வேறுபாடுகளும் அப்பழங்கலப்பிற் கிடைத்தவையே. எனவே, எந்தக் கண் இனங்களைப் பிரித்துக் காத்ததோ, அக்கண்ணின் வேறுபாட்டைத் தந்ததும் ஒரு கலப்பே!

அங்ஙனமாயின், முன்னைய கலப்பு ஆக்கமாகவும் இன்றைய கலப்பு அழிவாகவும் ஆனது ஏன்? முன்னைய கலப்பிற்குப் பின்னர்த் தெளிந்த நீரும், பலவகை ஆழமும், பலவகை உணவும், நீண்ட காலமும் இருந்தன. கலந்த மரபு பல கிளைகளாகப் பிரிந்து ஒவ்வோர் இடத்திற்கும் ஒவ்வோர் இனமாக வாழ வழியிருந்தது. இன்று அழிவது அவ்வழியே. நீர் எங்கும் ஒரேவாறு கலங்கினால், பிரிந்து வாழ்வதற்கு வேறு வேறு இடம் ஏது?

நம் குளங்களின் நிலை

இனி, மாமன் வினாவிய வினாவிற்கு வருவாம். கட்லா, ரோகு, மிர்கால் என்பன வடநாட்டுப் பேராறுகளில் மழைக்கால வெள்ளத்தில் முட்டையிடுவன; தேங்கிய குளத்தில் தாமாக ஈனா. முற்காலத்தில் ஆற்றில் மிதந்துவரும் முட்டையையும் குஞ்சையும் வாரியே குளங்களில் விட்டனர். 1957 ஜூலை 10-ஆம் நாள் ஒடிசாவிலுள்ள அங்குல் என்னுமிடத்தில், ஹீராலால் சௌதுரி, அலிக்குன்ஹி என்னும் அறிஞர்கள் மீனின் மூளைக்கடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசிவழி ஏற்றி இக்கெண்டைகளை ஈனச்செய்தனர். இந்நாட்டு மீன்வளர்ப்பின் பெருந்திருப்பம் அது. அந்நாளே மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுகின்றது. வெள்ளம் வரும்வரை காத்திராமல், வேண்டும்போது குஞ்சு பெற வழி பிறந்தது.

ஆனால், ஆற்றிலிருந்த வேலிகள் தொட்டியில் இல்லை. இடமும் ஒன்று, காலமும் ஒன்று. ஆண்மீன் குறைந்தபோதோ வேலை மிகுந்தபோதோ, ஊசியேற்றிய கட்லாவையும் ரோகுவையும் ஒரே தொட்டியில் விட்டால், ஒன்றன் முட்டையில் மற்றொன்றன் விந்து சேர்வதைத் தடுப்பார் யார்? இந்தியாவிலும் வங்காளதேசத்திலும் பண்ணைக்குஞ்சுகளை மரபணுவால் ஆராய்ந்தோர் இத்தகைய கலப்பைக் கண்டுள்ளனர். மாமன் கண்மாயிற் கண்டதும் இவ்வாறு வந்ததாகவே இருத்தல் வேண்டும்.

கட்லாரோகுக் கலப்பினம் இழிந்த மீனன்று. ரோகுவைவிட விரைந்து வளரும். கட்லாவைவிடத் தலை சிறுத்திருப்பதால் தசை மிகுதி. அறிந்து, அதுவென்றே பெயர் சொல்லி விற்பதிற் குற்றமில்லை. கேடு எங்கே எனின், அறியாமற் கலப்பதிலும் மறைத்து விற்பதிலும் உள்ளது. கட்லா மேல்நீரின் நுண்ணுயிர்களை உண்ணும். ரோகு நடுநீரில் மேயும். மிர்கால் அடித்தளத்தை நாடும். இம்மூன்றையும் ஒரு குளத்தில் விடுவதன் நுட்பமே, ஒன்றன் உணவில் மற்றொன்று கைவையாமை. கலப்பினமோ இடைப்பட்ட வாயும் இடைப்பட்ட வழக்கமும் உடையது. அதனால் அவ்வொழுங்கு குலைகின்றது. மேலும், அக்கலப்பையே அடுத்த ஆண்டுத் தாய்மீனாக வைத்தால் கலப்பு ஆழப்படும். கண்மாய் உடைந்து அம்மீன் ஆற்றை அடைந்தால், தாயினம் வாழும் ஆற்றுக்கும் அக்கலப்புச் சென்றுசேரும். அதன்பின், தூய கட்லா வேண்டுமென்று தேடுவோர் எந்த ஆற்றிற்குச் செல்வர்?

ஆகவே, குஞ்சு உற்பத்தி செய்வோர் ஒவ்வோர் இனத்தையும் தனித்தனித் தொட்டியில் ஈனச்செய்தல் வேண்டும். தாய்மீன்களின் தலை, வாய், செதில் ஆகியவற்றை நன்கு நோக்கி ஐயமுடையவற்றை விலக்குதல் வேண்டும். வாங்குவோர், விரற்கடை அளவுள்ள குஞ்சைப் பார்த்து இனம் அறிய முயல்வதினும், அதன் தாய்மீனைக் காட்டுமாறு கேட்பதே சிறப்பு. ஊரார் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு: சாக்கடையைக் கண்மாயில் விடாதிருத்தல். அங்கே நாம் வாங்கி விட்ட மீன்கள் மட்டுமல்ல, நம் முன்னோர் காலந்தொட்டு வாழும் கெண்டையும் குரவையும் அயிரையும் உள்ளன. அவற்றிற்கும் கண்ணும் மூக்கும் உண்டு.

வரும் விடுமுறையில் ஊருக்குச் சென்றதும், "மாமா, அது கட்லாவுக்கும் ரோகுவுக்கும் பிறந்த மீன், அடுத்த முறை குஞ்சு வாங்குமுன் தாய்மீனைக் காட்டச் சொல்லுங்கள், என்னையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்" என்று கூறவிருக்கின்றேன். இம்முறை தலைகுனிய வேண்டியதில்லை.